புழு இல்லாத கீரை

ஐப்பசி கடைசி வெள்ளி, இரவு

இணுவில் கோயிலுக்குப் புறப்பட்ட நான், அர்ச்சனைத் தேங்காயை மறந்துவிட்டதால் பாதி வழியில் திரும்பி வந்தேன். இவர் முதுகில் பூச்சிமருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு என்னுடைய கீரைப் பாத்திக்கு அடித்துக்கொண்டு நின்றார்.

பிள்ளைப்பேற்றுக்கு வரப்போகும் மகள் நஞ்சில்லாத கீரை சாப்பிடட்டும் என்றுதான் புரட்டாதியிலேயே வளவைக் கொத்தி விதை போட்டேன். மருந்து வேண்டாம் என்றபோது இவரும் தலையாட்டினார். விடிய எழும்பிப் புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பிறகு புழுவே இல்லாமல் போனது. நான் தெளித்த வேப்பெண்ணெய்தான் வேலை செய்கிறது என்று கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். விசரி நான்.

"எப்ப தொடக்கம் அடிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"நீர் கோயிலுக்குப் போற வெள்ளியளிலை. புழு திண்டு முடிக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறீரோ? கழுவிப்போட்டுத்தானே சமைக்கிறீர்."

இந்தக் கிழமைதான் வந்த மகள் உள்ளே படுத்திருந்தாள். அவளுக்குக் கேட்டுவிடும் என்று நான் சத்தம் போடவில்லை. தேங்காயை எடுக்கவும் இல்லை.

படுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. எழும்பி வந்து எழுதுகிறேன். மகள் வந்த அன்றுதான் முதன்முதலாகக் கீரை பறித்துச் சமைத்தேன்; அன்று தொடக்கம் இவர் அதைத் தொடவே இல்லை. "வாய்வு, எனக்கு வேண்டாம்" என்றார். வீணாகக் கூடாதென்று அவருடைய பங்கையும் சட்டியிலிருந்து வழித்து மகளின் தட்டில் போட்டேன்.

இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.