விண்ணப்பத்தில் புகுந்த கத்தரிக்கோல்

ஆகஸ்ட் 5, திங்கள்

விடியலில் இரண்டு கேன் தண்ணீர் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அது கிடக்கட்டும்.

இன்று கப்பலில் டேப்லெட் வந்தது. தலைநகரத்துத் தண்ணீர் அலுவலகம் எங்கள் தீவுக் குழுவுக்கு அனுப்பியது; செயலர் என்ற முறையில் என் கைக்கு வந்தது. மாமன்னரைப் பார்க்கப் போகிறவனைப்போல, எங்கள் டோங்கா வழக்கப்படி இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு கறுப்புக் கண்ணாடி. அதில் என் முகம். முதல் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது — வந்ததும் வராததுமாக இது ஏன் என்னைப் பார்க்கிறது?

கூடவே ஒரு கடிதம். இனிமேல் காகித விண்ணப்பம் கிடையாதாம். கடிதம் ஒரு கோப்பு, அட்டவணை ஒரு கோப்பு, படங்கள் ஒரு கோப்பு என்று இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அனுப்பினால்தான் புதிய மழைநீர்த் தொட்டிகள். எந்தச் செயலியில் எழுதுவது என்பதை "நீங்களே தேர்ந்துகொள்ளலாம்". நீங்களே! இவ்வளவு மரியாதைக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது.

அடியில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்தார்கள்: "இம்முறையாவது நம்பும்படியாக."

போன வருடத்தை இன்னும் மறக்கவில்லை, பாவிகள். தாகத்தால் தவிக்கும் இரண்டு லட்சம் மக்கள் என்று எழுதியிருந்தேன். டோங்கா முழுவதையும் கூட்டினாலும் அதில் பாதிதான் வரும் என்று பதில் போட்டார்கள். தொட்டி வரவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

வீகா வந்தாள். என் அக்கா லாவினியாவின் மகள், பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் ஊரில் தாய்மாமன் வீட்டில் மருமகள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாமா, அம்மா சொல்லி அனுப்பினாங்க. ஆக்லாந்துலேர்ந்து அண்ணன் டிக்கெட் போடவான்னு கேக்கறான். வீட்டுத் தொட்டி வெடிச்சுப்போச்சு, இனிமே எதுக்கு அங்க இருக்கீங்கன்னு. இந்தத் தடவை தொட்டி வந்தா இருப்பாங்களாம். வரலேன்னா கிறிஸ்மஸுக்கு முன்னாடி கெளம்பிடுவாங்களாம்."

அக்கா எனக்குச் சொல்வதெல்லாம் இப்படித்தான் வரும். அவள் இருக்கும் அறைக்குள் நான் கால் வைத்து நாற்பது வருடம் ஆகிறது. அண்ணன் தம்பி என்றால் அக்கா தங்கைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அது. ஞாயிறு ஆராதனையில் அவள் தொப்பியைப் பார்ப்பேன், நலமாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

ஆக்லாந்து. அந்தத் தொப்பியை அங்கே யார் பார்ப்பார்கள்?

ஆகஸ்ட் 9, வெள்ளி

செயலிகள் மீது விசாரணைக் கமிஷன் அமைத்தேன். தலைவர், உறுப்பினர், காவலர் எல்லாம் நானே.

முதல் செயலி. கடிதம் எழுதும், அட்டவணை போடும், கோப்பை அடுக்கும் என்று பீற்றிக்கொண்டது. திறந்ததும் கேட்கிறது: உன் நண்பர்கள் எண்களைப் பார்க்கலாமா? கேமராவைத் தொடலாமா? மைக்கைத் திறக்கலாமா? நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளலாமா? கடிதம் எழுத வந்தவனிடம் மைக் எதற்கு? பெண் கேட்க வந்தவன்கூட இவ்வளவு கேட்கமாட்டான். தள்ளுபடி.

இரண்டாவது, இலவசம் என்றது. ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயரைக் குறுக்கே முத்திரை குத்துமாம், பணம் கட்டினால் எடுக்குமாம். நடுநடுவே தொப்பையைக் குறைக்கும் விளம்பரம். என் தொப்பையை இது எப்போது பார்த்தது? அந்தக் கேமராதான். தள்ளுபடி. டேப்லெட் முகத்தில் பிளாஸ்திரி ஒட்டினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஓய்வு நாள். கோப்புகளுக்கும்தான். ஆனால் பிரசங்கத்தின் நடுவில் என் பைக்குள்ளிருந்து அது 'டிங்' என்றது. யாருக்கு என்ன சொல்லிற்று?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு செயலி தானாக எட்டிப் பார்த்தது. தேவையற்ற கோப்புகள் என்று பட்டியல் போட்டது. முதலில் நின்றது என் விண்ணப்பம்! தண்ணீர் அலுவலகத்துக்கும் இதற்கும் சொந்தமா?

வீகா மூன்றாவதாக ஒன்றைப் போட்டாள். சாதாரணமாக இருந்தது. சிக்னல் இல்லாதபோதும் எழுதலாம். சிக்னல் கிடைத்ததும் தானே சேர்த்துக்கொள்ளும். எங்கள் ஹாபாய்த் தீவுக்கூட்டத்தில் பிழைக்கக்கூடிய செயலி இது ஒன்றுதான். கூடவே கோப்புகளை அடுக்கி வைக்க ஓர் அலமாரிச் செயலி. அதிலும் ஒரு குறை: பெயரும் பிறந்த தேதியும் கேட்டது.

"தரமாட்டேன்" என்றேன்.

"மாமா, உங்க பேரைத் திருடி அவன் என்ன பண்ணப்போறான்? உங்க கடனை அடைப்பானா?"

"என் பேரு வெளிநாட்டுக்குப் போகாது. அவ்வளவுதான்."

"சரி, சரி. ஏதோ ஒரு பேரைப் போட்டுட்டேன். கண்ணை உருட்டாதீங்க." இப்படிச் சொல்லிவிட்டு என் புதுத் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

எழுதி முடித்தேன். பூமி பிறந்த நாளிலிருந்து இப்படி ஒரு விண்ணப்பம் எழுதப்பட்டதில்லை. "எங்கள் குழந்தைகள் மேகத்தைப் பார்த்து அழுகிறார்கள், அந்தக் கண்ணீரையும் வாளியில் பிடிக்கிறோம்" என்ற வரியை எழுதிவிட்டு நானே இரண்டு முறை உரக்க வாசித்தேன். மக்கள் தொகையை அடக்கமாக முப்பதாயிரம் என்று போட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கோப்பை அனுப்பிப் பார்க்கலாம் என்று பள்ளிக்கூட மாமரத்தடிக்குப் போனேன். சிக்னல் அங்கேதான் நன்றாக வரும். திறந்தால் —

முப்பதாயிரம் இல்லை. "நூற்றெண்பது பேர்" என்று இருந்தது. வாளியில் கண்ணீர் இல்லை. அந்த இடத்தில் "பள்ளியில் குழந்தைகளுக்கு மதியம் வரைதான் தண்ணீர்" என்று நின்றது.

யார்? யார் கை வைத்தது? அடியில் பார்த்தேன். "கடைசியாகத் திருத்தியவர்: நீங்கள்."

நானா? நான் என் கையால் முப்பதாயிரம் பேரைக் கொல்வேனா?

ஆகஸ்ட் 17, சனி

மரத்தடியிலேயே உட்கார்ந்து பொறி வைத்தேன். மூன்றாம் பத்தியில் "எங்கள் தீவின் யானைகள் தாகத்தால் கடலைக் குடித்து அலைகள் சிறுத்துவிட்டன" என்று எழுதினேன். யார் அதை எடுக்கிறான் என்று பார்ப்போம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் வீட்டில் பார்த்தேன், யானைகள் இருந்தன. மாமரத்தடிக்குப் போனேன், யானைகள் இல்லை. வீட்டில் இருக்கிறது, மரத்தடியில் மறைகிறது. அந்த மரத்தை ஒட்டி யார் வீடு? ஹவேயா வீடு! எங்கள் குழுவின் பொருளாளர். பதினைந்து வருடமாக என் செயலர் பதவி மீது கண். நான் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் வாசலில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவனைப்போல. ஒன்றும் தெரியாதவன் எவனாவது அவ்வளவு மெதுவாகக் கிழங்கு உரிப்பானா?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மாலையில் ஆண்கள் கூடிக் கவா வேர்ச்சாறு குடிக்கும் வட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"யோவ் ஹவேயா, என் யானைய எங்கய்யா வெச்சிருக்க?"

"எந்த யானை?"

"தெரியாத மாதிரி நடிக்காத. விண்ணப்பத்துல இருந்த யானை."

வட்டம் முழுவதும் கவாவை மூக்கு வழியாக விட்டது. ஊர் அதிகாரி மனாசே சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "லிசியாதே, போன வருஷம் ரெண்டு லட்சம் பேரு. இந்த வருஷம் யானை. நீ தொட்டி கேக்குறியா, சர்க்கஸ் கேக்குறியா?"

ஹவேயா சிரிக்கவில்லை. "எங்க வீட்டு ரேடியோவையே என் பொண்டாட்டிதான் திருப்பறா. நான் உன் பலகைக்குள்ள கைய விட்டுத் திருடினேனா? பொருளாளர் கையெழுத்தைப் படம் புடிச்சு சேக்காம விண்ணப்பம் போகாது தெரியுமில்ல? என் வாசல்ல வந்து மன்னிப்பு கேளு, அப்புறம் பாக்கலாம்."

குற்றவாளிகள் இப்படித்தான் பேசுவார்கள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, டேப்லெட்டின் சொந்த அறைக்குள், சிக்னல் எட்டாத மூலையில் பூட்டினேன். "தொடாதே" என்று பெயர் வைத்தேன். முப்பதாயிரம் பேரையும் உயிர்ப்பித்தேன். கண்ணீர் மறுபடி வாளிக்கு வந்தது. இந்தக் கோப்பில் யாரும் கை வைக்கவில்லை. நான்கு முறை பார்த்துவிட்டேன்.

அப்படியே இருக்கிறது. ஏனோ உப்புப் போடாத கிழங்குபோல் இருக்கிறது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

"தொடாதே" கோப்பை அனுப்புவதற்காக மரத்தடிக்குப் போனேன். அனுப்பும்முன் ஹவேயாவை மாட்டிவைக்க அத்தாட்சி வேண்டுமே என்று பழைய கோப்பையும் திறந்தேன். நான் நகல் எடுத்தபோது இல்லாத ஒரு வரி கடைசியில் புதிதாக இருந்தது.

"தொட்டி வெடித்த ஒரு வீட்டின் பின்வாசலில் இந்தக் குழுவின் செயலர் தினமும் விடியுமுன் இரண்டு கேன் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறார். அவருக்கு மிஞ்சுவது ஒரு கேன். இதை அவர் எழுதமாட்டார்."

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் குறிப்பேட்டில்கூட யார் வாசல் என்று எழுதவில்லை. நாய்கூட விழிக்காத நேரம் பார்த்துத்தான் வைப்பேன். தெரிந்திருக்கக்கூடியவர்கள் அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் மட்டும்.

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வீகாவை வெளியே இழுத்தேன். "நீயா எழுதின?"

"நான் எழுதியிருந்தா 'மாமா விடற குறட்டையில கூரை பறக்குது'ன்னும் சேர்த்திருப்பேன்."

"அப்போ யாரு பேரப் போட்ட அந்தச் செயலியில?"

கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பார்த்தாள். "உங்க பேரைத்தான் தரமாட்டேன்னீங்களே மாமா. அம்மா பேருல ஏற்கெனவே ஒண்ணு இருந்துது. அதையே போட்டுட்டேன். நீங்க எழுதறதெல்லாம் அம்மா போன்லயும் வரும். நான் என்ன, நீங்க எதாவது உருப்படியா எழுதுவீங்கன்னு கண்டேனா?"

தெய்வமே. நாற்பது வருடம் வாசலைத் தாண்டாதவன், இரண்டு வாரமாக அக்காவின் அறைக்குள் காலை நீட்டி உட்கார்ந்து யானை விட்டிருக்கிறேன். என் பெயரைக் காப்பாற்றப்போய் என் மானம் போயிற்று. டேப்லெட்டைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய்ப் படகுக் கொட்டகையில் வைத்தேன். வீட்டுக்குள் அதோடு எப்படி இருப்பது?

ஆகஸ்ட் 28, புதன்

வீகா வழியாக மன்னிப்பு அனுப்பினேன். பதில் வந்தது: "முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. உன் மாமாவுக்குத் தேதி தெரியுமா என்று கேள்."

அவ்வளவுதான். கோபமில்லையா? இருக்கிறதா? தொப்பியைப் பார்த்தால் தெரியும், ஞாயிறு வரை பொறுக்க வேண்டும். அதுவரை ஓர் ஏற்பாட்டை வீகாவே செய்தாள்: மதியத்துக்கு முன் கோப்பு அக்காவுடையது, பின் என்னுடையது. ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் திறப்பதில்லை.

மதியத்துக்குப் பின் உள்ளே போனேன். கேன் வரியை மட்டும் அழித்தேன். அது எதற்கு? ஊர் கேட்கும் தொட்டியில் என் இடுப்பு வலி எதற்கு?

ஆகஸ்ட் 29, வியாழன்

வரி திரும்பி வந்திருந்தது.

அழித்தேன். "தொடாதே" கோப்பையும் அழித்தேன். முப்பதாயிரம் பேருக்கும் இறுதி மரியாதை.

பிறகு பெரிய பாறைமீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஹவேயா வாசலில் போய்த் தலை குனிந்து உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கிழங்கையே உரித்தான்.

"யானை கெடச்சுதா?"

"கெடச்சுது. அக்காகிட்ட இருந்திருக்கு."

சிரிக்கப்போனவன் பாதியில் நிறுத்திவிட்டான். அவனுக்கும் மூன்று அக்கா. "அட கஷ்டகாலமே" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பேனா கேட்டான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மதியம் என் முறை வந்ததும் திறந்தால் வரி மறுபடியும் அங்கே. இந்தமுறை தடித்த எழுத்தில்.

அக்காவோடு சண்டை போட எங்கள் வழக்கத்தில் இடமில்லை. போட்டாலும் ஜெயிக்க இடமில்லை. அப்படியே அனுப்பினேன். நூற்றெண்பது பேர், உடைந்த தொட்டிகள், வீகா எடுத்த படங்கள், இரண்டு கேன்.

இவ்வளவு சின்ன விண்ணப்பத்தை நான் வாழ்நாளில் எழுதியதில்லை. எழுதியது நானும் இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

பதில் இல்லை. டேப்லெட்டில் 'டிங்' கேட்கும்போதெல்லாம் ஓடுகிறேன். தொப்பை விளம்பரம்தான். ஆக்லாந்துப் பையன் டிக்கெட் விலை பார்த்து வைத்திருக்கிறானாம். வீகா இதைச் சொல்லிவிட்டு, என் சாப்பாட்டைத் தொடாமல் போனாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

கப்பலில் ஆறு தொட்டிகள் வந்தன. முதலாவதை அக்கா வீட்டுப் பின்பக்கம் இறக்கினோம். நான் வேலிக்கு வெளியே நின்று கயிற்றைப் பிடித்தேன். போன வாரம் பெய்த மழை இந்த வாரமும் பெய்யட்டும். டிக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்கா புதுப் பாய் முடையத் தொடங்கியிருக்கிறாளாம். அது முடிய ஒரு வருடம் ஆகும்.

என் நேரம் வந்ததும் கோப்பைத் திறந்து அலுவலகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். "அறுநூறு தொட்டிகள் வந்திறங்கின. அவற்றைப் பார்த்து மூன்று திமிங்கிலங்கள் கடலில் எழுந்து நின்று கைகூப்பின."

வேண்டுமென்றுதான். காலையில் அவளுக்கும் ஒரு வேலை வேண்டாமா?

டிசம்பர் 4, புதன்

அறுநூறு, ஆறாகியிருந்தது. சரி.

திமிங்கிலங்கள் மூன்றும் நிற்கின்றன. கைகூப்பியபடியே. ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

ஏன் விட்டாள்? இதில் ஏதோ இருக்கிறது. சந்தேகமாக இருக்கிறது.