பச்சையாக நிற்கும் ஒரே புங்கன்

மாசி 20, செவ்வாய்

மலையடியில் எங்கள் வனக்குழு நட்ட புங்கன் கன்றுகள் எல்லாம் பட்டுவிட்டன. ஒன்று மட்டும் பச்சையாக நிற்கிறது. ஏன் என்ற யோசனை விடவில்லை. சாயங்காலம் போய்க் காய்ந்த கன்று ஒன்றைப் பிடுங்கினேன். வேரைச் சுற்றி, நாற்று வளர்த்த பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. பச்சைக் கன்றின் அடியைத் தோண்டினேன். அங்கும் பைதான். ஆனால் எலி கடித்த ஓட்டை வழியாக வேர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

கன்றுகளை நட்ட, எங்கள் குழுவின் முனியம்மாவைக் கேட்டேன்.

"பையக் கிழிக்காம ஏன் நட்டே?"

"இன்னாக்கா பண்றது? ஆபீசர் வர்றாரு, சீக்கிரம் முடிங்கன்னு நீங்கதானே வெரட்டுனீங்க?"

வனத்துறைக்கு நாளை கொடுக்க வேண்டிய படிவத்தில், கன்றுகள் பட்டதற்குக் காரணம் 'மழை இல்லை' என்று நேற்றே எழுதியிருந்தேன். இப்போது அடித்துவிட்டேன். ஒரு கன்று பிழைத்ததற்கு எலி காரணம் என்று எழுத ஆசைதான். அதற்குக் கட்டமே இல்லை. மற்றவை பட்டதற்குக் கட்டம் இருக்கிறது; அதில் என் அவசரத்தைத்தான் எழுத வேண்டும்.