செல்வியின் தீப்பெட்டி ரயில்

டீச்சர்,

காலையில் பக்கத்து வீட்டில் மைதாப் பசை காய்ச்சினார்கள். அந்த வாசனை வந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெட்டி ஒட்டப் போன நாட்களில் என் சேலையெல்லாம் அந்த வாசனைதான். நீங்கள் காலமான சேதி வந்து ஒரு மாதமாகிறது.

தொண்ணூறுகளில் செல்வியை உங்கள் பால்வாடியில் விட்டபோது அவளுக்கு நாலு வயது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. எடுத்த பொருள் நழுவினால் வீசி எறிந்துவிட்டு அழுவாள். எல்லாவற்றையும் நானே செய்து கொடுத்துவிடுவேன்.

ஒருநாள் ஆபீஸில் வேலையில்லாமல் மதியமே விட்டுவிட்டார்கள். பால்வாடிக்கு வந்தேன். தரையெல்லாம் காலித் தீப்பெட்டிகள். செல்வி ஒரு பெட்டியை அதன் வெளிக்கூட்டுக்குள் தள்ளத் தள்ள, அது கோணிக்கொண்டு வெளியே வந்தது. அவள் கன்னத்தில் கண்ணீர். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"எம்புள்ளைக்கும் தீப்பெட்டி வேல பழக்குதியளோ?" வாசலிலேயே கத்தினேன்.

"ரயில் செய்யுதோம்க்கா. நான் தொட்டா அவளுக்குக் கோவம் வருது. பொறுங்க, இன்னொரு தடவ பாக்கட்டும்."

நான் பொறுக்கவில்லை. தூக்கி இடுப்பில் வைத்தபோது அவள் பெட்டியை விடாமல் திமிறினாள். அதையும் நான் கவனிக்கவில்லை.

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளைகளை வேலை வாங்குவதாக உங்கள்மேல் மனுக் கொடுத்தேன். விசாரிக்க வந்த அதிகாரி, "பிள்ளைங்கள பெட்டியில தீக்குச்சி அடைக்கச் சொன்னாங்களா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். ஒரு குச்சிகூட அங்கே இல்லை, டீச்சர். எனக்குத் தெரியும். எனக்காக வந்து நின்றவர்கள் முன்னால் பின்வாங்க முடியவில்லை. "ஆமா, பாத்தேன்" என்றேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். அடுத்த வாரம் உங்களை நாகலாபுரம் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் செல்வி எங்கிருந்தோ காலிப் பெட்டிகளைப் பொறுக்கி வந்து வாசலில் உட்கார்ந்தாள். பெட்டி நழுவியது. நான் கையை நீட்டினேன். "நீ தொடாத. இன்னொரு தடவ பாக்கேன்" என்றாள். அழவில்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ தடவை உள்ளே போனது. நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

கயத்தாறு பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தபோது அவள் ஐந்தாம் வகுப்பு. நீங்களாக வந்து என் கையைப் பிடித்தீர்கள். "செல்வி நல்லாருக்காளாக்கா? ரயில் ஓடுதா?"

"ஓடுது டீச்சர்" என்றேன். பஸ் வந்துவிட்டது என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அது என் பஸ்ஸே இல்லை.

போன வாரம் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் பெட்டியச் சரியாத் தள்ளலன்னு டீச்சர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாவன்னுல்லா நெனச்சேன். தள்ளிட்டா திரும்பி வந்துருவாவன்னுதாம்மா வீட்ல செஞ்சு பாத்தேன்" என்றாள்.

அன்று வாசலில் அவள் பெட்டியைத் தள்ளியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், டீச்சர். அவள் உங்களைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லி இறக்கிவைக்க இப்போது நீங்களும் இல்லை.