நீ வராத மேடையில் நான் பேசியது

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்பு மகள் மாதவிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன், மழை வருவதற்கு முன்னால் முழங்கால் மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கிறது. அங்கே ஹாம்பர்க்கில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய் வருகிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பார்க்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் என் முகத்தைப் பார்த்ததும் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், உன் முகத்தைப் பார்த்ததும் நான் மாற்றிவிடுகிறேன், கடைசியில் என்ன சமைத்தாய் என்று கேட்டு இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். அதனால்தான் நெத்திலி சம்பலும் முறுக்கும் அனுப்புகிற பெட்டியில் இதையும் வைக்கிறேன்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு நஸ்ரின் குடும்பம் பெட்டாலிங் ஜெயாவுக்கு வீடு மாறிப் போய்விட்டது. அந்த வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அவர்கள் வீட்டுக் குக்கர் சத்தம் கேட்டுத்தான் நானும் அடுப்பு பற்றவைப்பேன், இப்போது மதியம் ஆனதே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா போன பிறகு அளவாகச் சோறு வடிக்கப் பழக வேண்டும் என்று நினைத்தேன், இன்னும் கை பழைய அளவையே போடுகிறது. டிவியை ஓடவிட்டு வைத்திருக்கிறேன், பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான். இதை எல்லாம் படித்து நீ கவலைப்படக் கூடாது. நான் எழுத வந்தது வேறு.

போன மாதம் கிள்ளானில் நடந்த நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று நீ கேட்டபோது, நன்றாக நடந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். முழுதாகச் சொல்லவில்லை. உன்னோடு படித்த மலர்விழி இப்போது கிள்ளானில் டீச்சர், ஆறாம் படிவம் முடித்த பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரு மண்டபத்தில் கூட்டி, என்ன மேற்படிப்பு படிக்கலாம் என்று சொல்ல ஆட்களை அழைத்திருந்தாள். வக்கீல் வந்தார், கணக்காளர் வந்தார், இயற்பியலாளர் என்று போட்ட இடத்தில் உன் பெயர். நீ வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் நீ என்னைக் கூப்பிட்டு, “நான் பேசலம்மா. டிசம்பரோட எனக்கே வேல முடியுது. புரொபசர் இனிமே பணம் இல்லன்னு சொல்லிட்டாரு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பிசிக்ஸ் படிங்கன்னு அந்தப் பிள்ளைங்ககிட்ட சொல்றது?” என்றாய். பிறகு, இதோடு போதும், கோலாலம்பூருக்கே வந்து ஏதாவது பேங்க்கில் சேர்ந்துவிடலாம் போலிருக்கிறது என்றும் சொன்னாய். சொல்லிவிட்டு அழுதாய். நான் சரி சரி என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் அறைக்குப் போய் மெத்தை உறையை மாற்றினேன். பாதி மாற்றிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே வெட்கமாகப் போயிற்று. பிள்ளை அழுகிறாள், நான் கட்டிலைத் தயார் பண்ணுகிறேன்.

மறுநாள் காலையில் மலர்விழியிடம் நீ வரமாட்டாய் என்று சொல்லப் போன் எடுத்தவள், உனக்குக் காய்ச்சல், உனக்குப் பதில் நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே. அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது என்று தோன்றியது. கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து, நீ எனக்குப் போனில் சொன்னதை எல்லாம் மனதுக்குள் ஓட்டிக்கொண்டே போனேன். இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க்காக இருந்தவள் இயற்பியல் பேசப் போகிறேன் என்று நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது.

மேடையில் ஏறியதும் முன்வரிசையில் ஓர் அம்மா, “டாக்டர் மாதவின்னு போட்டிருக்கே, எந்த ஆஸ்பத்திரிலக்கா வேல செய்யிறாங்க?” என்று கேட்டார். ஆஸ்பத்திரி இல்லை, ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்றேன். அப்படியென்றால் டீச்சரா என்று இன்னொருவர். நீ போன பாதையைச் சொன்னேன். ஆறாம் படிவத்து எஸ்டிபிஎம் பரீட்சை, பிறகு பட்டம், பிறகு மாஸ்டர், பிறகு ஜெர்மனியில் பிஎச்டி, அதற்கும் பிறகு போஸ்ட்டாக் என்று ஒன்று, அது படிப்பும் இல்லை நிரந்தர வேலையும் இல்லை, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற வேண்டியிருக்கும் என்றேன். ஒரு பெரியவர், “அப்ப எப்பதான் முடியும்லா?” என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பேச்சு ஓடவில்லை என்று தெரிந்ததும் நீ எனக்குச் சமையலறையில் செய்து காட்டியதையே செய்தேன். தண்ணீர் நிறைந்த பாட்டில் ஒன்று, அதே மாதிரி பாட்டிலில் அடியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் இன்னொன்று. நாற்காலியில் ஏறி, எது முதலில் விழும் என்று கேட்டேன். கனமானதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள், வக்கீலும் சொன்னார். கையை விட்டேன். இரண்டும் ஒன்றாக ஒரே சத்தத்தில் விழுந்தன. நம்பாமல் மறுபடி போடச் சொன்னார்கள், மறுபடியும் அப்படியே. அப்போது அவர்கள் முகங்களை, மாதவி, நீ பார்த்திருக்க வேண்டும். அதே தைரியத்தில் நான், விண்வெளியில் இருப்பவர்கள் மிதப்பது அங்கே புவியீர்ப்பு இல்லாததால்தான் என்றும் சொல்லி வைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கி, “ஆன்டி, சாரி, அங்கயும் ஈர்ப்பு இருக்கு. இங்க இருக்கிறதுல பெரும் பகுதி இருக்கு. அவங்க பூமியச் சுத்தி விழுந்துகிட்டே இருக்காங்க, கூடவே அவங்க இருக்கிற கலமும் விழுது, அதனாலதான் மெதக்கிறாங்க” என்றாள். மலர்விழி தலையாட்டினாள், நான் சொன்னதுதான் தப்பு. இத்தனை வருஷம் தப்பாகவே நினைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரவில்லை. சபையில் எழுந்து நின்று, சரியானதைச் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு பிள்ளை. எனக்கு உன்னையே பார்த்த மாதிரி இருந்தது.

அவள் பெயர் ரோகிணி. பக்கத்தில் அவள் அப்பா இராமலிங்கம் உட்கார்ந்திருந்தார், லோரி ஓட்டுகிறவர், தாயில்லாத ஒரே பிள்ளை என்று பிறகு தெரிந்தது. அவர் எழுந்து, “அக்கா, சுத்தி வளைக்காம கேக்கிறேன். இவ பிசிக்ஸ்தான் படிப்பேங்கிறா. நான் அக்கவுண்ட்ஸ் படின்னு சொல்றேன். உங்க மகள் அங்க சந்தோஷமா இருக்காங்களா?” என்று கேட்டார். மைக் என் கையில் இருந்தது. முதல் நாள் நீ அழுதது காதில் இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். “தெரியல தம்பி” என்றேன். பிறகு யாரோ பேசவைத்த மாதிரி, உங்கள் பெண் போய்விடும், கல்யாணம் காட்சிக்கு வர முடியாது, அப்பா சாவுக்குக்கூட என் மகள் மறுநாள்தான் வந்து சேர்ந்தாள், வீட்டில் சத்தம் இருக்காது, அதற்கு நீங்கள் தயாரா என்று கேட்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார். ரோகிணி தலையைக் குனிந்துகொண்டாள். கைதட்டினார்கள், எனக்குத்தான் கேட்கப் பிடிக்கவில்லை. உன் இடத்தில் நின்று, உன் படிப்பை எடுத்தே ஒரு பிள்ளையின் வழியில் கல்லைப் போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

வெளியே வந்தால் ஒரே மழை, ரயிலும் தாமதம் என்றார்கள். இராமலிங்கம் வந்து, மறுநாள் சரக்கு ஏற்ற லோரியைச் செந்தூலில் கொண்டு விட வேண்டும், வழியில் இறக்கிவிடுகிறேன் என்றார். ரோகிணி நடுவில், நான் ஜன்னலோரம். கூட்டரசு நெடுஞ்சாலையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறோம். அவர்தான் முதலில், “பாட்டில் சரி. ஆனா ஒன்னு கேக்கணும். எண்ணெய் மிதிக்கிறத விட்டா லோரி நின்னுருது. அப்ப ஓடிக்கிட்டே இருக்க தள்ளிக்கிட்டே இருக்கணும்தானே?” என்றார். நான் ஆமாம் என்றுதான் சொல்லப் போனேன். ரோகிணி, “இல்லப்பா. ரோடும் காத்தும் பிடிச்சி இழுக்கிறதுனாலதான் நிக்குது. பிடிக்க ஒன்னுமே இல்லன்னா, ஒரு தடவ கிளம்புனது அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும்” என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை வருஷமாக ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாதா என்றார். அவள் விடவில்லை. ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் ஏன் வழுக்கிக்கொண்டு போகிறது என்று திருப்பிக் கேட்டாள், தண்ணீரால் பிடிமானம் குறைகிறது என்று அவரே சொன்னார், சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிடிமானம் இன்னும் குறைந்தால், இன்னும் குறைந்தால் என்று அவள் கேட்டுக்கொண்டே போக, அவர் சுபாங் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பிறகு, “ஐயோ, ஆமாலா” என்றார். அவ்வளவுதான். அவள் சிரித்தாள் பார், வைப்பர் சத்தத்தையும் தாண்டி.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு ஒன்று நினைவு வந்தது, அதை அவரிடம் சொன்னேன். போன வருஷம் ஒரு நாள் நீ நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிட்டாய், பயந்து எடுத்தேன். ஆய்வுக்கூடத்தில் உன் கருவி கடைசியில் வேண்டிய அளவுக்குக் குளிர்ந்து, திரையில் நீ எதிர்பார்த்த இடத்திலேயே ஒரு புள்ளி விழுந்தது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அழுதாய். எனக்குப் புள்ளியும் புரியவில்லை, குளிரும் புரியவில்லை. ஆனால் நீ பட்டம் வாங்கியபோதும் அப்படிச் சிரிக்கவில்லை, விமான டிக்கெட் போட்டு வீட்டுக்கு வந்தபோதும் அப்படிச் சிரிக்கவில்லை. மேடையில் நீங்கள் கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான் தம்பி என்றேன். என்னை இறக்கிவிடும்போது அவர் ரோகிணியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “வீடு சத்தம் இல்லாமத்தான் போவும். பரவால்லக்கா, ரேடியோ இருக்கு” என்றார். நேற்று மலர்விழி போன் பண்ணினாள். ரோகிணி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துவிட்டாளாம், முதல் விருப்பம் இயற்பியல், அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து போடச் சொன்னாராம்.

மாதவி, இனி உன் விஷயம். டிசம்பருக்குப் பிறகு என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதே. கேட்டால் நான் வா என்றுதான் சொல்வேன். யோசிக்காமல் சொல்வேன், மெத்தை உறை மாற்றியாகிவிட்டது. நான் உனக்கு எழுதுகிற எந்தப் பதிலிலும் என் தனிமை மூக்கை நுழைக்கும், அதை நம்பாதே. அந்தப் புள்ளியைப் பார்த்துச் சிரித்த, உனக்குள் இருக்கிற பிள்ளையிடம் கேள். அவளும் போதும் என்று சொன்னால், அன்றைக்கே கிளம்பி வா, பேங்க் வேலை கேவலம் இல்லை, நான் விமான நிலையத்தில் நிற்பேன். இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்று அவள் சொன்னால், வேறு ஊர், வேறு புரொபசர், எங்கே வேண்டுமானாலும் எழுதிப் போடு. நான் இங்கே ரேடியோ வாங்கிக்கொள்கிறேன்.

சம்பல் பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே, கெட்டுவிடும். முறுக்கை உன் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்கும் கொடு, தனியாகச் சாப்பிடாதே. சாயங்காலம் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று சொன்னாய், விளக்கைப் போட்டுவைத்துக்கொள். தண்டாயுதபாணி உன் பக்கத்தில் இருந்து உன்னைக் காக்கட்டும், எடுத்த காரியம் எதுவானாலும் உன் கைக்கு வரட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இந்தப் பெட்டி கிடைத்ததும் கூப்பிடும்போது என்ன சமைத்தேன் என்று கேட்காதே. அந்தப் புள்ளி என்னவென்று முதலிலிருந்து சொல், நான் பாதியில் வைக்கமாட்டேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
லோகேஸ்வரி