வாய் இல்லாத நீர்யானை

மார்ச் 4
அக்கா வீட்டு மாடியறையில் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. இதற்குப் பெயர் ஸ்டுடியோ! என்னோடு வேலையை விட்டு வந்த மீசை, கதவில் பலகை மாட்டியே தீருவேன் என்கிறான். உருவம் வரைவதும் குரல் கொடுப்பதும் அவன். அசைய வைப்பது நான். மாதிரிக் கார்ட்டூன் படத்தை டிவி சேனல் எடுத்துக்கொண்டால் பிழைத்தோம். இல்லையென்றால் பழைய முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

மார்ச் 19
வீரப்புலி படம் அனுப்பியாயிற்று. அப்பாடா.

மார்ச் 20
அப்பாடாவாவது ஒன்றாவது! புலியின் உதட்டசைவைச் சரிபார்க்க, பக்கத்தில் நிற்கும் தொந்தியின் — லொடலொடவென்று பேசும் நீர்யானை — வாயை மட்டும் வரைந்திருந்த லேயரைக் கணினியில் அணைத்து வைத்தேன். திரும்பப் போடவே இல்லை. அப்படியே போய்விட்டது. படம் முழுக்கப் பேசுகிறான், கன்னம் உப்புகிறது, புருவம் துள்ளுகிறது, வாயைக் காணோம். கடைசியாகப் பார்த்த மீசை, சவுண்டை மட்டும் கவனித்தானாம். கண்ண எங்கடா வெச்சிருந்தே? சரி, எனக்கு மட்டும் எங்கே இருந்தது?

திருத்தி அனுப்பலாம் என்றேன். “சும்மா இரு. நாமளே போய்க் காட்டிக் கொடுக்கணுமா?” என்கிறான்.

மார்ச் 24
சேனலிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. “சாப்பிட வா” என்ற அக்காவிடம் எரிந்து விழுந்தேன். பாவம் அவள்.

மார்ச் 27
சேனல் மேடம் போன் செய்தார். “புலி சுமார்தாம்மா. அந்த வாயில்லாத குண்டன் யாரு? ஆபீஸே விழுந்து விழுந்து சிரிக்குது. அவனையே ஹீரோவா வெச்சு எடுங்க.”

மனசு கேட்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“நல்லவேளை மறந்தீங்க!”

முதலில் நாலே கதை. பிள்ளைகளுக்குப் பிடித்தால்தான் மேற்கொண்டு. போதும், மூச்சு வந்தது.

ஏப்ரல் 2
மீசைக்குத்தான் மனத்தாங்கல். புலியைப் பார்த்துப் பார்த்து வரைந்தவன் அல்லவா? தொந்தியின் பக்கத்து வீட்டில் புலியைக் குடிவைத்தோம். சமாதானமாகிவிட்டான்.

ஆகஸ்ட் 11
ஒளிபரப்பு தொடங்கியதிலிருந்து ஒரே கேள்விதான். யாருக்காவது பிடித்ததா, இல்லையா?

இன்று ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் ஒரு சின்னப்பெண், கையால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கைய எடுத்துட்டுப் பேசுடி, ஒண்ணும் புரியல.”

“தொந்திக்கு மட்டும் வாய் இருக்கா?”

மறுபடியும் பொத்திக்கொண்டாள். கன்னம் உப்பியது, புருவம் துள்ளியது. தொந்திக்கு நான் கொடுத்த அதே துள்ளல். என் கண் கலங்கிவிட்டது. ரொட்டியை மறந்து வீட்டுக்கு வந்தேன். அக்கா திட்டினாள், சந்தோஷமாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.