கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டவை

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். சலூனும் நலம். கண்ணாடியில் நீ பந்து அடித்து விழுந்த கீறல் மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் மேற்படிப்பின் பெயரை யாராவது கேட்டால் முன்பெல்லாம் திணறிப்போவேன். உலக வளர்ச்சி, அதற்குள் சுகாதாரம், அதற்குள் ஆண் பெண் என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். இப்போது பளிச்சென்று சொல்லிவிடுகிறேன்: வீட்டில் பெண்களுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் ஆண்கள் ஏன் கவனிப்பதில்லை என்று என் மகள் ஆராய்கிறாள். கேட்டவர் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

நம் சலூனில் வைத்து ஆண்களிடம் பேசப்போகிறேன் என்று நீ எழுதியபோது எத்தனை வாடிக்கையாளர்கள் ஓடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆண்கள் வாய் திறக்க மாட்டார்கள், தலைப்பை மாற்று என்று உன் பேராசிரியை சொல்கிறார். நான் முதலில் சிலரிடம் கேட்டுக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார் என்றும் எழுதியிருந்தாய். உன் படிப்பே என் கையில் வந்து நிற்கும்போது சும்மா இருப்பேனா? மறுநாளே நீ அனுப்பிய கேள்விகளோடு ஆரம்பித்தேன்.

அடேயப்பா, ஊரில் இத்தனை நல்ல ஆண்களா! மனைவியை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவீர்களா என்றால் போவேன். பாத்திரம் தேய்ப்பீர்களா என்றால் தேய்ப்பேன். பஸ் டிரைவர், தபால்காரர், தலைமையாசிரியர், எல்லோரும் சொக்கத் தங்கம். பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். எப்போது கேட்டீர்கள் என்றாள். சவரம் செய்யும்போது என்றேன். "கழுத்துல கத்திய வெச்சுக்கிட்டுக் கேட்டா எவன் இல்லேன்னு சொல்லுவான்" என்று அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது.

அதன்பிறகு கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, முகத்தில் ஈரத்துண்டு போடும்போது கேட்டேன். முகம் மறைந்தால் கூச்சமும் போய்விடும் போலிருக்கிறது. டிரைவர் துண்டை எடுக்கவே விடவில்லை. மனைவிக்கு மாதக்கணக்காக உதிரப்போக்காம். "அவ சொல்லல, நானும் கேக்கல" என்று துண்டுக்குள்ளிருந்தே அழுதார். மறுநாள் வண்டிக்கு லீவு போட்டுக் கூட்டிப் போனார். அந்தம்மா இப்போது தேறிவருகிறார். தலைமையாசிரியரோ பாத்திரமே தொட்டதில்லையாம். பாத்திரத்துக்கு எந்த சோப்பு என்று என்னிடம் கேட்கிறார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

இதற்கிடையில் ஒரு நாள் கடை சாத்தும் நேரத்தில் அம்மா வந்தாள். இத்தனை வருஷமும் சாப்பாட்டை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனவள், நேராக உள்ளே வந்தாள். என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து உன் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் கையில் கத்தி இல்லை, ஆனாலும் எனக்கு வியர்த்தது. உங்கள் மனைவி கடைசியாக மருத்துவரைப் பார்த்தது எப்போது என்றபோது ஞாபகம் இல்லை என்றேன். "எனக்கும் ஞாபகம் இல்லீங்க" என்று கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள். வெட்கமாக இருந்தது வாலு.

பதறாதே. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தினமும் ஒரு மாத்திரை, உப்பில் பாதி. உப்பைக் குறைத்ததற்கு என்னைத்தான் திட்டுகிறாள். ஏனென்றால் சமையலில் பாதி இப்போது என் கை. நீ வந்து சாப்பிட்டுப் பார், பிறகு அம்மா பக்கம் சேர்ந்துகொள்.

பேராசிரியையிடம் தைரியமாகச் சொல், ஆண்கள் பேசுகிறார்கள். நீயும் உன் தோழிகளும் உட்கார மூன்று நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டேன். ஒன்றில் சாயங்காலங்களில் அம்மா உட்கார்ந்து வாடிக்கையாளர்களை மிரட்டிக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் வந்து மீதி இரண்டை நிரப்பு.

யார் பெயரையும் போடக்கூடாது என்றாய், சரி. சலூன்காரர் என்று மட்டும் போட்டு, மனைவி கடைசியாக மருத்துவரைப் பார்த்தது எப்போது என்ற அந்தக் கேள்விக்கு என் பதிலையும் சேர்த்துக்கொள்: போன வியாழக்கிழமை. கூடவே நானும் போயிருந்தேன்.

நீ நன்றாக இருக்கணும் என்று வேண்டும்,
உன் அப்பா