உன் பட்டியலின் முதல் வரி

செம்பூர் நிலையத்துக்கு வெளியே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜூன் வந்தால் வாசலில் வரிசை. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார். சூடான காகிதமும் உருகும் லேமினேஷனும் கலந்த ஒரு வாசனை. அது மூக்கில் ஏறும் முன்பே சாலையின் மறுபக்கம் போய்விடுவேன். ஏழு வருடமாக எந்த ஜெராக்ஸ் கடையிலும் இப்படித்தான். இன்று மாலை மழை. மறுபக்கம் முழங்கால் தண்ணீர். கடையை ஒட்டியே நடக்க வேண்டியிருந்தது.

அதனால் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. போட்டால் அடுத்த வரி வராது.

தாராவியில் நம் சந்துக்குக் காலையில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு வருடம் விடாமல் நேரம் குறித்து வைத்திருந்தாய். அதன் பிறகு சொல்ல ஆரம்பித்தாய். நாளைக்கு அஞ்சே காலுக்கு முன்ன வராது, எல்லாரும் தூங்குங்க. குடத்தோடு நிற்கிற பெண்கள் உன்னைச் சீண்டுவார்கள்.

"ஏட்டி ஜோசியக்காரி, இன்னைக்கு எப்ப?"

"ஜோசியம் இல்ல அத்தை, கணக்கு."

"கணக்குன்னா தப்பாவாதோ?"

"தப்பாவும். பத்து நாளுக்கு எத்தன நாளு தப்பாவும்னும் எனக்குத் தெரியும்லா."

பன்னிரண்டாம் வகுப்பில் புள்ளியியல் என்ற சொல்லை ஆசிரியை கரும்பலகையில் எழுதிய அன்று நீ என் தொடையைக் கிள்ளினாய். உன் காலண்டர் தாள்களுக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் இல்லை. நீ விரும்பியதால் நானும் விரும்பினேன். அதை அப்போது நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தப் பெரிய பல்கலைக்கழகம். அதன் பழைய வளாகத்தில் புள்ளியியல் பட்டப்படிப்பு. இடங்கள் கொஞ்சம். நம் வீட்டிலிருந்து மாட்டுங்கா பூக்கடைகளைக் கடந்து நடந்தே போய்விடலாம். புது வளாகம் கழிமுகத்துக்கு அப்பால், நவி மும்பையில், கோபர்கைரனேயைத் தாண்டி. அங்கே உணவு அறிவியல். இடங்கள் நிறைய. நமக்கு ஒரே பள்ளி, ஒரே இட ஒதுக்கீட்டுப் பிரிவு. உன் மதிப்பெண் என்னுடையதைவிட ஒன்று கூட.

ஒன்றுதான்.

சந்தில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம் வரும். ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் ஃபாரம், மின்சாரக்காரன் ஒட்டிப் போன நோட்டீஸ். சேர்க்கைக் கையேட்டையும் நான்தான் வாசித்தேன். அறுபது பக்கம். இரண்டு முறை. அதில் இரண்டு விஷயம் எழுதியிருந்தது. கணினி நம் விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். பெரிய இடத்தை மேலே கேட்டுக் கிடைக்காமல் போனாலும் கீழே கேட்டது பறிபோகாது. இது ஒன்று. முதல் வரியில் கேட்டதே கிடைத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். அடுத்த சுற்றுகளில் கலந்துகொள்ள முடியாது. இது மற்றொன்று.

பட்டியலைப் பதிவுசெய்ய நாம் போனது தொண்ணூறு அடிச் சாலை சைபர் கடைக்கு. காயல்பட்டினத்து பாய் நடத்துவது. ஜெராக்ஸும் லேமினேஷனும் அங்கேயேதான்; கடை முழுக்க அந்தச் சூடான வாசனை. இரண்டு நாற்காலி. நீ ஒன்றில், நான் ஒன்றில். உன் அம்மா பின்னால் நின்றாள்.

"எது நிச்சயம் கெடைக்குமோ அத மேல போடு," என்றாள். "எடுத்த எடுப்புலயே பெருசா கேட்டா, பாக்குதவன் என்ன நெனப்பான்? திமிரப் பாருன்னு அடில தள்ளிருவான்."

அவளைக் குறை சொல்லவில்லை. நம் ஆட்கள் எல்லா ஜன்னல்களிலும் அப்படித்தான் கேட்டுப் பழகியவர்கள். முனிசிபல் ஆஸ்பத்திரி ஜன்னலில், ரேஷன் ஜன்னலில். முதலில் சின்னதாக ஒன்றைக் கேட்பார்கள். உள்ளே இருப்பவன் முகம் சுளிக்காவிட்டால் மெல்ல அடுத்ததைக் கேட்பார்கள். அந்தத் திரைக்குப் பின்னாலும் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று உன் அம்மா நினைத்தாள். நீயும் கொஞ்சம் நினைத்தாய்.

என் பக்கம் திரும்பினாய்.

"நீதான் புக்க வாசிச்சிருக்கியே. அம்மா சொல்லுதது சரியாட்டி?"

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "வெரசா முடிங்கம்மா, பின்னால ஆளு நிக்குது."

யோசிக்க நேரம் இல்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்தது. உன் மதிப்பெண்ணையும் என் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுக்கு இருந்தது.

"சரிதான்," என்றேன். "உணவு அறிவியல மேல போடு. புள்ளியியல ரெண்டாவதா போடு. அடுத்த ரவுண்டுல மாத்திக்கிடலாம்."

கடைசி வாக்கியத்தை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

என் பட்டியலை மறுநாள் தனியாக வந்து போட்டேன். முதல் வரியில் புள்ளியியல். இரண்டாவது வரி போடவில்லை.

முதல் சுற்றில் உனக்கு உணவு அறிவியல் வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. உன் அம்மா சந்து முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். "இட்லி வேக வைக்கதுக்கு பி.எஸ்சியா?" என்று எல்லோரும் கேட்டுச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எனக்கு வரவில்லையே என்று என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தாய். இரண்டாம் சுற்றில் புள்ளியியலுக்கு இன்னும் சில பேரை எடுத்தார்கள். அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர் என்னுடையது. உன் மதிப்பெண் அதற்கு மேலே.

நீ போனில் மாற்றுவதற்கான பொத்தானைத் தேடினாய். ஒரு மதியம் முழுக்கத் தேடினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேட உதவினேன்.

"பூட்டிருச்சுட்டி," என்றாய். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாய்: "பரவால்ல. ரெண்டு பேர்ல ஒருத்தி உள்ள போயாச்சுல்லா."

நான் நடந்து போனேன். நீ ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் ரயில் ஏறி, வாஷியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி. முதல் மாதமே அதற்கும் ஒரு தாள் போட்டுவிட்டாய். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம், பெண்கள் பெட்டியில் எந்தக் கதவில் நெரிசல் குறைவு. "எட்டு பதினாலுல ரெண்டாவது கதவு. அங்க மட்டுந்தான் மூச்சு விடலாம்," என்று பெருமையாகச் சொன்னாய். உணவு அறிவியல் பாடம் எதைப் பற்றியும் நீ அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு, ஆண்டாப் ஹில் பேருந்தில். ஜன்னல் பக்கம் நீ. வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"ஏட்டி, அந்தக் கையேட்ட நீ முழுசா வாசிச்சியா?"

"அறுபது பக்கம். யாரு வாசிப்பா?"

"நீ சோப்பு கவரையே விடாம வாசிக்கவ."

சிரித்தாய். நானும் சிரித்தேன். பேருந்து சிக்னலில் நின்றது, கிளம்பியது. அதன் பிறகு நீ கேட்கவே இல்லை. தெரிந்து கேட்டாயா, சும்மா கேட்டாயா என்று எனக்குத் தெரியாது. உன் கடைசி ஒரு வருடம் முழுக்க உன் முகத்தில் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நீ எப்போதும்போல இருந்தாய். அது என்னைப் பயமுறுத்தியது.

இரண்டாம் வருடம். ஜூலை. மான்குர்த் தாண்டி, கழிமுகப் பாலத்துக்குச் சற்று முன்னால். ரயில் கதவில் நனைந்த படி, நெரிசல், பையின் வார் எதிலோ மாட்டியது, விழுந்துவிட்டாய் என்றார்கள். அன்று நீ வழக்கமான வண்டியில் போகவில்லை. அது ரத்தாகியிருந்தது.

செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். உன் இடத்தில் என்று எழுதி அடித்துவிட்டேன். திரும்ப எழுதுகிறேன். உன் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. இறப்பு அட்டவணைகளைப் பார்ப்பது. எந்த வயதில் ஆயிரத்துக்கு எத்தனை பேர். இருபது வயதுப் பெண்களுக்கு எதிரே இருக்கிற எண் மிகச் சிறியது. என் மேலாளர் அதைப் புறக்கணிக்கத்தக்கது என்பார். தினமும் அத்தனை லட்சம் பேர் அதே பாலத்தைக் கடக்கிறார்கள், ஒருத்தி விழுந்ததற்கு ஒரு பட்டியல் எப்படிக் காரணமாகும் என்று என் பட்டப்படிப்பைக் கொண்டே என்னால் வாதாட முடியும். வாதாடியிருக்கிறேன். ஜெயித்தும் இருக்கிறேன். ஜெயித்த பிறகு மறுபடி முதலிலிருந்து வாதாடத் தொடங்குகிறேன்.

போன வாரம் உன் அம்மா போன் செய்தாள். உன் தங்கை பன்னிரண்டு முடித்துவிட்டாள். அதே பல்கலைக்கழகம்.

"யம்மா, நீதான் வந்து போட்டுத் தரணும். மூத்தவளுக்கும் நீதான கூட இருந்து செஞ்ச."

ஞாயிற்றுக்கிழமை போனேன். உன் அம்மா டீ போட்டாள். உன் தங்கை சுவரில் சாய்ந்து போனில் கையேட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இயற்பியல் வேண்டுமாம். உதடு அசைய, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசிக்கிறாள். ஒரு வரி விடுவதில்லை.

"நிச்சயம் கெடைக்கத மேல போடச் சொல்லும்மா," என்றாள் உன் அம்மா என்னிடம்.

"அம்மா, நீ சும்மா இரு. காலி பீலி, தேவையில்லாம டென்ஷன் குடுக்காத." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, மேல போட்டது கெடைச்சா பூட்டிருமாம், அப்புறம் மாத்தவே முடியாதாம். இங்க எழுதியிருக்கு. எங்க அக்காக்கு நீங்க போடும்போது இந்த ரூல் இருந்துச்சா?"

உன் அம்மா வடிகட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை.

"அப்ப இல்ல," என்றேன். "இப்பத்தான் வந்திருக்கு."

"அதானே," என்றாள் உன் அம்மா. "இருந்திருந்தா இவ சொல்லியிருப்பாளே."

டீயைக் கையில் கொடுத்தாள். குடித்தேன். இயற்பியலை முதல் வரியில் போட்டோம். எல்லாவற்றையும் இருக்க வேண்டிய வரிசையில் போட்டோம். மூன்று முறை சரிபார்த்தேன். அது எதையும் ஈடுகட்டாது என்று எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது உன் தங்கை குடையோடு சந்து முனை வரை வந்தாள்.

"அக்கா, பழைய வருஷத்துக் கையேடெல்லாம் அந்த சைட்லயே கெடக்கு. எங்க அக்கா வருஷத்ததும் இருக்கு. டவுன்லோடு பண்ணி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மா. அவ வாசிச்சிருப்பாள்லா. நானும் வாசிச்சுப் பாக்கலாம்னு."

நீ வாசிக்கவில்லை. நான் உனக்காக வாசித்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மழை வலுத்தது. அவள் வீட்டுக்கு ஓடினாள்.

இன்று காலை அவளிடமிருந்து ஒரு செய்தி: பதினெட்டாம் பக்கம் வந்துட்டேன் அக்கா, தூக்கம் தூக்கமா வருது.

இன்னும் பதில் அனுப்பவில்லை. நீ போன பிறகு உன்னுடையது என்று என்னிடம் இருப்பது பொருள் எதுவும் இல்லை, ஒரு பக்க எண்தான். முப்பத்தொன்று. மேலிருந்து இரண்டாவது பத்தி, பூட்டிக்கொள்ளும் விதி. கண்ணை மூடினாலும் வாசிக்க முடியும்.